ஹிஸ்கியாவின் புதர்

...முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், வேன் வந்து நின்றதும், பை தோளில் இருக்கும்போதே, நான் ஹிஸ்கியாவின் மகள், அப்பா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார் என்று, இரண்டே வாக்கியம், ஒரு மூச்சில் முடிந்திருக்கும், சொல்லியிருந்தால் எல்லாரும் அழுதிருப்பார்கள், அழுது ஓய்ந்திருப்பார்கள், இந்நேரம் இந்தக் கழுதை வண்டிக்குப் பின்னால் அவளும் வீட்டு மனுஷியாக நடந்துகொண்டிருப்பாள்... சொல்லவில்லை. ஒட்டிலி மணலில் கால் புதையப் புதைய நடந்தாள். கடலிலிருந்து வந்த மூடுபனி இன்னும் விலகவில்லை, வண்டியில் இருந்த சாக்குகள் நனைந்திருந்தன, தலைமுடி நனைந்திருந்தது, முன்னால் போகும் மக்ரீத்தாவின் பச்சைத் தலைத்துணி மட்டும் தெரிந்தது, அந்தத் தலைத்துணிக்காரி தன் அப்பாவோடு கூடப் பிறந்தவள், தனக்கு அத்தை, அது இந்த வேனில் வந்த யாருக்கும் தெரியாது, அத்தைக்கே தெரியாது. தம்பி செத்துப் பல மாதம் ஆகிவிட்டது என்பதும் தெரியாது. இன்று மதியம் வேன் கிளம்புகிறது. அதற்குள் சொல்லியாக வேண்டும், எப்படிச் சொல்வது, கழுதையை ஓட்டிக்கொண்டு போகிறவளை முதுகில் தட்டிக் கூப்பிட்டா சொல்வது?

தப்பு, மாணவர்களை அழைத்து வந்த பேராசிரியர் நாங்கோலோ மேல்கூட இல்லை, பாவம், அவர் வழக்கப்படி ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினார், இவன் ஜெர்மனியிலிருந்து வந்தவன், இவள் நெலாகோ, இவள் ஒட்டிலி, இரண்டு பேரும் வடக்கத்திப் பெண்கள், என்று. அம்மா வடக்கத்தியவள்தான், குடும்பப் பெயரும் அம்மாவுடையதுதான், அப்பாவும் அம்மாவும் தேவாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொள்ளவில்லை, தலைநகர் விண்ட்ஹூக்கில் ஒரே அறையில் அப்படியே குடும்பம் நடத்திவிட்டார்கள். இல்லை, எனக்கு இந்த ஆற்றங்கரைதான் பாதி, என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் போனாள். அந்த நேரம் பார்த்து மக்ரீத்தா சிரித்தாள். ஜெர்மன் பையன் கழுதைக்குக் கை நீட்ட, அது அவன் தொப்பியைப் பிடுங்க, அதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்பாவின் சிரிப்பு. முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும், பிறகு இருமல் மாதிரி ஒரு சத்தம் வரும், அப்படியே அது. ஒட்டிலி குனிந்து பையின் வாரை இறுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், சாப்பிட்டபின் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்... அந்தக் கொஞ்ச நேரம்தான் இப்படி வளர்ந்து இத்தனை நாளாகிவிட்டது.

அதைவிடப் பெரிய வம்பு பாஷையால் வந்தது. நாமா மொழி அவளுக்கு நன்றாகத் தெரியும், நாக்கைச் சொடுக்கிப் பேசும் அத்தனை சொடுக்கும் அப்பா மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தவை, ஆனால் அது அவளுக்குத் தெரியும் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. மாணவர்களிடம் மக்ரீத்தா ஆஃப்ரிகான்ஸில் பேசுவாள், அது தெரியாதவர்களுக்கு நாங்கோலோ ஆங்கிலத்தில் சொல்வார், மக்ரீத்தாவும் அவள் நாத்தனார் யுஸ்டினாவும் தங்களுக்குள் நாமாவில் பேசிக்கொள்வார்கள், விருந்தாளிகளை வைத்துக்கொண்டே. அந்தத் தாடிக்காரன் எவ்வளவு ரொட்டி தின்கிறான் பார், அந்த உயரமானவளுக்கு யார் செருப்பு தைத்துக் கொடுப்பார்கள், இப்படி. ஒட்டிலி காதில் எல்லாம் விழுந்தது, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். ஒரு முறை கல்லாக வைத்தாயிற்று, பிறகு எப்படி எடுப்பது? இனிமேல் நான் உங்கள் பெண் என்று சொன்னால், அப்போ இத்தனை நேரம் ஒட்டுக் கேட்டுக்கொண்டா இருந்தாய் என்று கேட்க மாட்டார்களா... கேட்கட்டுமே. கேட்டால் என்ன குடி முழுகிவிடும். ஆனால் வாய் வரவில்லை.

இரவில் தகர வீட்டு வாசலில் நெருப்பைச் சுற்றி எல்லாரும் இருப்பார்கள், சாம்பலில் ரொட்டி வேகும், பிள்ளைகள் கத்துவார்கள், நெலாகோ பாடுவாள், அவ்வளவு பேர் நடுவில் உட்கார்ந்திருந்தும் ஒட்டிலிக்குத் தான் மட்டும் தனியாக எங்கோ தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். விண்ட்ஹூக்கில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அப்பா போன பிறகு அந்த அறையில் நாமா பேச ஆளில்லை, குளித்துக்கொண்டே தனக்குத்தானே பேசிப் பார்ப்பாள், தொண்டை மறந்துவிடுமோ என்ற பயத்தில். இங்கே வந்தால் காது நிறைய அதே பேச்சு, அப்பாவின் அதே இழுவை, அதைக் கேட்டுக்கொண்டு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதிலும் மக்ரீத்தா தினமும் நாமாவில் தம்பி பேச்சையே எடுத்தாள். கஞ்சி கிண்டினால் தம்பி, கழுதை உதைத்தால் தம்பி. "வரட்டும் அவன், வந்தான்னா இந்த அகப்பையாலதான் முதல்ல வரவேற்பு." "மீன் ஃபேக்டரிக்குப் போறேன்னு போனவன், மீனோட மீனா நீந்திப் போயிட்டான் போல." "அவன் காலுக்கு ஏத்த கட்டில் இன்னும் உள்ள கிடக்கு, யாரும் படுக்கறதில்ல." யுஸ்டினாவுக்கே பொறுக்கவில்லை. "என்னடி இது, வருஷக் கணக்கா அவன் பேரையே எடுக்காதவ, இந்தப் பசங்க வந்ததுலேர்ந்து சோத்துக்கும் தண்ணிக்கும் அவன் பேச்சாவே இருக்கு," என்றாள். மக்ரீத்தா நெருப்பைக் கிளறினாள். ஒட்டிலி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொட்டி உள்ளே போகவில்லை, துப்பவும் முடியவில்லை. வரட்டும் அவன் என்கிறவளிடம் அவன் வரமாட்டான் என்று எப்படிச் சொல்வது, அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாளே.

வண்டி நின்றது. நாராப் புதர்கள் வந்துவிட்டன. மணல் மேடு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சை முள் புதர், இலையே கிடையாது, வெறும் தண்டும் முள்ளும், அதற்குள்ளே கைக்குழந்தையின் தலை அளவுக்குப் பழங்கள், அவற்றின் மேலும் முள். மக்ரீத்தா வண்டியிலிருந்து கம்புகளை இறக்கினாள். நாங்கோலோ மாணவர்களிடம் மேட்டின் உயரத்தையும் பழங்களையும் அளந்து எழுதச் சொன்னார், இன்று அளவு கொஞ்சம், உழைப்பு அதிகம், மதியத்துக்குள் சாக்கு நிரம்ப வேண்டும், இத்தனை நாள் இவர்கள் சோறு போட்டிருக்கிறார்கள், என்றார். ஒட்டிலி அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பட்டுப்போன முள் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடு தனியாக இருந்தது. நேற்று அங்கேதான் கலாட்டா. ஜெர்மன் பையன் தெரியாமல் அந்தப் புதரில் கம்பை நுழைத்துவிட்டான். மக்ரீத்தா போட்ட சத்தத்தில் கழுதை மிரண்டு வண்டி பாதி கவிழ்ந்தது. அந்தப் பையன் முகம் வெளுத்து, கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

பிறகு அவளே வந்து அவனுக்கு ரொட்டி கொடுத்துச் சமாதானம் செய்தாள், அதுவும் அப்பா செய்கிற வேலைதான், திட்டிவிட்டுத் தின்னக் கொடுப்பது. அவள் ஆஃப்ரிகான்ஸில் சொன்னதை நாங்கோலோ சொல்லிக்கொண்டு வந்தார். அது அவள் தம்பியின் புதர். இந்த வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு மேடு உண்டு. வெளியூர் போனவன் மேட்டில் மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள், பழம் அழுகட்டும், நரி தின்னட்டும், அவன் வந்து பறிப்பான். அவன் செத்துப்போனால் அவன் பிள்ளை வந்து முதல் பழத்தைத் தட்டி விழவைக்க வேண்டும், அதற்குப் பிறகு அது எல்லாருக்கும் பொது. இது எங்கள் வீட்டு வழக்கம், ஆற்றின் மேல்பக்கத்து ஆட்கள் இப்படிச் செய்வதில்லை, எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், என்றும் சொன்னாள். "பிள்ளையே இல்லைன்னா?" என்று நெலாகோ கேட்டாள். "அவனுக்கா? எங்கயாவது ஒண்ணு இருக்கும். அந்தச் சிரிப்பை வச்சுக்கிட்டு ஒருத்தன் சும்மாவா இருந்திருப்பான்," என்றாள் மக்ரீத்தா, எல்லாரும் சிரித்தார்கள், ஒட்டிலியும் சிரித்தாள், சிரித்துவிட்டு மேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

இப்போது மக்ரீத்தா முதுகைக் காட்டிக்கொண்டு கம்புகளைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக நீட்டினாள், நீ அந்தப் பெரிய மேடு, நீ யுஸ்டினா கூட, நீ ஆற்றுப் பக்கம், பழுத்தது பழுக்காதது பார்க்காமல் தட்டாதே, காயைத் தின்றால் நாக்கு எரியும்... ஒட்டிலி வரிசையில் கடைசியாக நின்றாள். மதியம் வேன். வழியிலேயே சொல்லிவிடலாமா, வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு ஓடிவிடலாமா, சீ, அதுவும் ஒரு சொல்கிற விதமா, போனில் சொல்லலாம், இங்கே போனில் சிக்னல் கிடைக்க ஒரு மணல் மேட்டில் ஏறி நிற்க வேண்டும், ஒரு சாவைக் கேட்க ஒரு மனுஷியை மேட்டில் ஏற்றுவதா... "நீ அந்தப் பட்ட மரத்துப் பக்கம் போ. கையைப் பாத்துக்க, வடக்குப் பக்கம் முள்ளு நீளம்." சரி என்று கம்பை வாங்கிக்கொண்டு நடந்தாள். நடந்துகொண்டே இன்னும் யோசித்தாள், கடிதம் எழுதினால் யார் படித்துக் காட்டுவார்கள், யுஸ்டினாவின் மகள் படிப்பாளா... "ஏய், ஒட்டிலி, உனக்கு மட்டும் என்ன சொன்னாங்க? எனக்கு ஒண்ணும் புரியலையே," என்று பின்னாலிருந்து நெலாகோ கேட்டாள்.

கால் நின்றுவிட்டது. என்ன சொன்னாள்? பட்ட மரத்துப் பக்கம், கையைப் பார், வடக்குப் பக்கம்... அது ஆஃப்ரிகான்ஸ் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஆஃப்ரிகான்ஸ், தனக்கு மட்டும் நாமா, சாதாரணமாக, முதுகைக் காட்டிக்கொண்டு, கம்போடு சேர்த்து நீட்டிவிட்டாள். நானும் வீட்டுப் பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு வந்துவிட்டேனே... ஒட்டிலி திரும்பிப் பார்த்தாள். மக்ரீத்தா பார்க்கவில்லை, கழுதையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், அவிழ்க்க இவ்வளவு நேரம் ஆகாது. "அங்க போகச் சொன்னாங்க," என்றாள் ஒட்டிலி. "அங்கயா? நேத்து அவனை அந்தத் திட்டு திட்டினாங்களே," என்றாள் நெலாகோ. எப்போது தெரிந்தது இவளுக்கு, எதை வைத்துத் தெரிந்தது, சிரிப்பா, நெற்றியா... விதை. ஐயோ, அந்த விதை.

முதல் நாள் சாயங்காலம் மக்ரீத்தா ஆளுக்கு ஒரு பிடி நாரா விதை கொடுத்தாள். ஜெர்மன் பையன் கல்லை வைத்து உடைத்தான், நெலாகோ நகத்தால் பிளந்தாள், ஒட்டிலி என்ன செய்தாள், பசி, களைப்பு, வழக்கம்போல ஒவ்வொன்றாக வாயில் போட்டாள், விளிம்பை முன்பல்லால் ஒரு கடி, பருப்பு உள்ளே, தோல் வாயின் இடது ஓரமாக வெளியே, கை படவே இல்லை. அப்பா அப்படித்தான் கடிப்பார், கடலோரத்திலிருந்து வந்த லாரிக்காரன் எப்போதாவது கொடுத்த ஒரு பொட்டலத்தை மாதக் கணக்கில் வைத்துக்கொண்டு, வானொலி கேட்டுக்கொண்டே, சட்டை முழுக்கத் தோல், அம்மா திட்டுவாள். பத்துப் பதினைந்து கடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது, உடனே நெலாகோ மாதிரி நகத்தால் நோண்ட ஆரம்பித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். மக்ரீத்தா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ராத்திரிதான் முதல்முதலாக, சம்பந்தமே இல்லாமல், அகப்பையைத் தூக்கிக்கொண்டு, வரட்டும் அவன் என்று ஆரம்பித்தாள்... யாரிடம் சொன்னாள்? யுஸ்டினாவிடம் இல்லை. அந்த வசவு, கிண்டல், கட்டில், எல்லாமே தன்னிடம் சொன்னதா, தன் பக்கமாக ஒவ்வொரு ராத்திரியும் போட்டுப் போட்டுப் பார்த்ததா? நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேனே.

மேடு ஏற ஏறச் சரிந்தது. புதர் அவள் நினைத்த மாதிரி இல்லை. என் மேட்டை இந்நேரம் மணல் மூடியிருக்கும் என்று அப்பா சொல்வார், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார், அடுத்த வருஷம் போவோம், வெறுங்கையோடு எப்படிப் போவது, ஒரு நல்ல சம்பளம் வரட்டும், ஒரு பழைய காராவது வாங்கிவிட்டுப் போவோம், மேட்டைத்தான் மணல் மூடியிருக்கும், போ... மூடவில்லை, அப்பா. காய்ந்த தண்டுகளை யாரோ வெட்டி ஒதுக்கியிருந்தார்கள், புதிதாக வெட்டிய வெள்ளை முனைகூடத் தெரிந்தது, அடியில் பழைய பழங்களின் ஓடுகள், நரி தின்றது, அழுகியது, முளைத்தது, ஒன்றையும் எடுக்கவில்லை, ஆனால் புதரைச் சாக விடவும் இல்லை. அவருக்கு இது தெரிந்திருந்தால்? வெறுங்கையோடு வந்திருக்கலாமே, இங்கே யார் கையைப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் விதை கேட்டார், நாரா விதைக்கு எங்கே போவது, கடையில் பூசணி விதை வாங்கிக்கொண்டு போனாள், ஒன்றைக் கடித்துப் பார்த்தார், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு மிச்சத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மகள் மனசு நோகக் கூடாதென்று. அவளுக்குக் கோபம் வந்தது, அவர் மேல், அம்மா மேல், இந்த மணல் மேல், சின்ன வெட்கத்துக்குப் பயந்து ஒரு மனுஷன் தன் வீட்டுக்கே போகாமல் செத்துப்போவானா என்று. தானும் அதையேதானே செய்துகொண்டிருந்தாள், கண்ணெதிரே வீட்டை வைத்துக்கொண்டு.

கம்பை நுழைத்தாள். ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தாள், இன்னொன்றைத் தட்டிப் பார்த்தாள், சத்தம் மொத்தென்று வர வேண்டும், அதுவும் அவர் சொன்னதுதான், மார்க்கெட்டில் தர்ப்பூசணியை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. இதைத் தட்டிவிட்டால் சொன்ன மாதிரிதான். ஒரு வார்த்தை பேச வேண்டாம், பழம் விழுந்தால் போதும், இவள் அதற்காகத்தான் அனுப்பியிருக்கிறாள், வாய் வராத பிள்ளைக்குக் கை வரட்டும் என்று. தட்டாமல் இறங்கிப் போனால்? எனக்கு வழக்கம் தெரியாது, பயந்துவிட்டேன் என்று ஆஃப்ரிகான்ஸில் சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டால், அப்பா இங்கே உயிரோடுதான் இருப்பார், அகப்பை காத்திருக்கும், கட்டில் காத்திருக்கும். நல்லதுதானே அது? யாருக்கு நல்லது? மூடுபனி விலகிக்கொண்டிருந்தது, முதுகில் வெயில் பட்டது. கீழே யுஸ்டினா தாடிக்காரனை ஏதோ கேலி செய்துகொண்டிருந்தாள். ஒட்டிலி காம்புப் பக்கமாகக் கம்பைக் கொடுத்து நெம்பினாள். பழம் காம்பிலிருந்து விடுபட்டு முள்ளில் இடித்து இடித்து உருண்டு மணலில் போய் நின்றது.

யுஸ்டினாவின் பேச்சு பாதியில் நின்றது. பிறகு மணலில் கால் புதையும் சத்தம். மக்ரீத்தா அவசரப்படாமல் ஏறி வந்து, பழத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள், முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"எப்ப?" என்றாள், நாமாவில்.

"குளிர்காலத்துல." சொந்தக் குரலை வெளியில் கேட்டு ஒட்டிலிக்கே தூக்கிவாரிப் போட்டது. "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு."

"மண்ணு எங்க போட்டாங்க?"

"விண்ட்ஹூக்லயே."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான். கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"சரி," என்றாள் மக்ரீத்தா. பழத்தை எடுத்து முள் குத்தாமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, சத்தமே வரவில்லை, சிரிப்பதற்கும் அழுவதற்கும் இந்தக் குடும்பத்துக்கு ஒரே தோள்தான் போலிருக்கிறது. பழத்தைப் பார்த்தபடியே, "நீ விதை கடிக்கறப்பவே தெரியும்டி. இடது ஓரமாத் துப்பறவன் இந்த ஆத்தங்கரையிலயே அவன் ஒருத்தன்தான். நேத்து மேட்டுக்குப் பின்னாடி உக்காந்து நீ அழுததையும் பாத்தேன். அப்பவே ஏதோ பொசுக்குன்னு ஆயிடுச்சு எனக்கு," என்றாள்.

"அப்ப ஏன் அத்தை என்னைக் கேக்கல?"

அத்தை என்ற சொல் தானாக வந்துவிட்டது. மக்ரீத்தா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள், இத்தனை நாளில் முதல்முறையாக முழுசாக, நெற்றி, புருவம், வாயின் இடது ஓரம் என்று ஒவ்வொன்றாக. ஒட்டிலிக்கு அப்போதுதான் புரிந்தது... கேட்டிருந்தால் முதல் நாளே அவர் செத்திருப்பார். பெண் தனியாக வந்திருக்கிறது, அப்பன் வரவில்லை, பெண் வாயைத் திறக்கவில்லை, இவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், தெரிந்துகொண்டேதான் தினமும் நெருப்புக்கு முன்னால் அவரை உட்கார வைத்துத் திட்டியிருக்கிறாள், வரட்டும் வரட்டும் என்று, நெருப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அவரைப் பிடித்துவைத்துக்கொண்டிருந்தோம், ஆளுக்கு ஒரு கையாக. தனியாக இருக்கிறேன் என்று நினைத்தேனே, இவளும் அப்படித்தானே நினைத்திருப்பாள். அப்படியானால் இன்றைக்கு கையை முதலில் விட்டது யார், கம்பைக் கொடுத்து அனுப்பிய இவளா, நெம்பிய நானா... கீழே நெலாகோ நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்து நின்றாள். வெயில் தலைக்கு மேல் ஏறிவிட்டிருந்தது, ஆற்றுப் பக்கமிருந்து வேன் ஹாரன் அடித்தது, நாங்கோலோ ஒட்டிலியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை பழத்தைக் கையை விட்டு இறக்கவில்லை, ஒட்டிலியும் எழுந்திருக்கவில்லை.